துப்பாக்கிக் கட்டையில் இருந்த எண்

வரலாறு கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்டவன் செய்யத் தகாத காரியம் ஒன்றை நான் ஒருமுறை செய்திருக்கிறேன். எழுத்துச் சான்று ஒன்றை, அது சான்று என்று அறியாமலே, என் கையாலேயே தேய்த்து அழித்தேன். அது ஓலைச் சுவடியன்று, செப்பேடும் அன்று. பழைய வேட்டைத் துப்பாக்கி ஒன்றின் மரக்கட்டை. மாணவ நண்பர்களுக்கு அக்கதையைச் சொல்லிவிடுவதே முறையென்று கருதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஸ்காட்லாந்தின் வடபால் உள்ள மலைநாட்டில், இன்வர்னஸ் நகருக்குத் தெற்கே ஒரு நண்பரின் இல்லத்தில் பத்து நாட்கள் தங்கியிருந்தேன். நண்பர் காட்டுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். அந்நாட்டில் ஓநாய்கள் முன்னமே அழிந்தொழிந்தன. செம்மான்களை அடித்துண்ணும் விலங்கு வேறில்லாமையால், மான்கள் பெருகி இளமரங்களையெல்லாம் மேய்ந்து தீர்த்துவிடாதபடி, ஆண்டுதோறும் ஓரளவு சுட்டுக் குறைக்கிறார்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் வளர்ந்த நம் மாணவர்களுக்கு இது விந்தையாகத் தோன்றலாம். அங்கே அது காவல்துறையின் அனுமதிச் சீட்டுடன் நடைபெறும் காட்டு வேலைகளுள் ஒன்று.

நண்பர் அவ்வாரந்தான் ஒரு வணிகரிடம் பழைய துப்பாக்கி ஒன்றை மலிவாக வாங்கி வந்திருந்தார். ‘.303 மான் துப்பாக்கி, தொலைநோக்கியுடன்’ என்பதற்கு மேல் வணிகரின் சீட்டில் ஒன்றும் இல்லை. கட்டையில் பழுப்பேறிய வார்னிஷ் உரிந்து தொங்கியது. குழலின் வெளிப்புறத்தில் செந்துரு படர்ந்திருந்தது. இடப்புறத்தில் கனத்த ஏந்தி ஒன்றில் பொருத்தியிருந்த தொலைநோக்கி மட்டும், அந்த எளிய துப்பாக்கிக்குச் சற்றும் பொருந்தாத பெருமிதத்தோடு வீற்றிருந்தது.

முதலில் அவர் செய்தது, தாழ்த்தண்டை உருவி எடுத்துவிட்டுத் தோட்டா அறையில் விரலை விட்டுத் தடவிப் பார்த்ததுதான். துப்பாக்கி வெறுமையென்று எத்தனை பேர் உறுதி கூறினாலும் தம் விரலே சாட்சி என்றார். பிறகு குழலைச் சாளர ஒளிக்கு நேரே பிடித்து, பின்புறமாக நோக்கினார். உட்புரிகள் இருந்தன, ஆனால் கறுத்து, இடையிடையே புள்ளி விழுந்திருந்தன.

இக்கறுப்பிற்குக் காரணம் வெடிமருந்து மட்டுமன்று. பழைய இராணுவத் தோட்டாக்களின் அடியில் தீமூட்டுவதற்கென வைக்கப்பட்ட மருந்தில் பொட்டாசியம் குளோரேட்டு உண்டு. அது வெடித்தபின் பொட்டாசியம் குளோரைடு என்னும் உப்பாக மாறிக் குழலுக்குள் படிகிறது. நம் சமையலுப்புக்கு நெருங்கிய உறவினம் அது. மழைக்காலத்தில் உப்புச்சாடி கசிவதுபோல, காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்து எஃகைத் தின்னத் தொடங்குகிறது. எண்ணெயில் உப்புக் கரையாது, நீரில்தான் கரையும். ஆகவே, இரும்பில் தண்ணீர் படலாகாது என்று அஞ்சி எண்ணெயை மட்டும் தடவி வைத்தவர்களின் துப்பாக்கிகள் உள்ளே அரித்துப்போயின. கொதிக்கும் நீரைப் புனல் கொண்டு குழலுக்குள் ஊற்றிக் கழுவுவதே பிரிட்டிஷ் படைவீரர்களின் பழக்கம். சூடேறிய எஃகு தானே விரைவில் உலர்ந்துவிடும். அதன் பின்னரே எண்ணெய். நண்பரும் அவ்வாறே அடுப்பில் கெண்டியை ஏற்றினார்.

நீர் கொதிக்கும்வரை எனக்கும் ஒரு வேலை வேண்டுமென்று கேட்டேன். கழற்றி வைத்த பின்கட்டையை என்னிடம் தந்து, உரிந்த வார்னிஷை மெல்ல எடுக்கச் சொன்னார். மெல்ல என்ற சொல்லை நான் காதில் வாங்கவில்லை. மேசைமேல் கிடந்த முரட்டு உப்புத்தாளை எடுத்து, கை பிடிக்கும் கழுத்துப் பகுதியிலிருந்து தொடங்கினேன். அழுக்கு நீங்கி வெண்ணிற மரம் வெளிப்படக் கண்டு மகிழ்ந்து, அரைமணி நேரம் அழுத்தித் தேய்த்தேன்.

அந்நேரத்தில் நண்பர் தொலைநோக்கியை ஏந்தியோடு கழற்றிக்கொண்டிருந்தார். விரலால் திருகக்கூடிய இரண்டு பெரிய திருகாணிகள். வேறு கருவியே தேவைப்படவில்லை. தொலைவுக்கேற்பத் திருப்பும் உருளையைத் துடைத்தவர், சட்டென்று நிமிர்ந்து என்னை அழைத்தார். அதில் பொறித்திருந்த அளவு 1000 கஜம்வரை சென்றது.

அம்மலைநாட்டில் மானைச் சுடுபவன் நூறு, நூற்றைம்பது கஜம்வரை தவழ்ந்து நெருங்கிய பின்னரே சுடுவான். அதற்கு மிகத் தொலைவிலிருந்து சுடுவதை இழுக்கு என்றே கருதுவான். ஆயிரம் கஜம்வரை அளவு பொறித்த கருவி மானுக்காகச் செய்யப்பட்டதன்று; மனிதனுக்காகச் செய்யப்பட்டது.

பிறகு ஒவ்வோர் அடையாளமாகத் தேடினோம். எண்ணெயும் மென்மையான இரும்பு நாரும் கொண்டு நண்பர் துருவை ஒற்றியெடுக்க, கீழிருந்து எழுத்துகள் தோன்றின. எம்-47-சி என்பது முதலாவது. போர்க்காலத்தில் குண்டுவீச்சுக்கு அஞ்சித் தொழிற்சாலைகளின் பெயரை மறைத்துக் குறியீடு இட்டனர். எம் என்பது இங்கிலாந்தின் நடுப்பகுதி. 47-சி என்பது பர்மிங்காமை அடுத்த ஷர்லியில் இருந்த பி.எஸ்.ஏ. தொழிற்சாலை. அருகே 1944 என்னும் ஆண்டு. இடப்புறத்தில் தனித்ததொரு டி எழுத்து. அவ்வொற்றை எழுத்துத்தான் வணிகரின் சீட்டைப் பொய்யாக்கியது. தொலைநோக்கி பொருத்திய நான்காம் எண் லீ-என்ஃபீல்டு துப்பாக்கிக்கு உரிய குறி அது.

என்ஃபீல்டு என்ற பெயரை நம் மாணவர்கள் 1857ஆம் ஆண்டுப் பாடத்தில் கேட்டிருப்பார்கள். கொழுப்புத் தடவிய தோட்டாவால் சிப்பாய்களின் சினத்தைக் கிளறிய துப்பாக்கியும் லண்டனுக்கு வடக்கே உள்ள அவ்வூரின் பெயரைத் தாங்கியதே. பெயர் ஒன்று, பொறி வேறு. 1895இல் வந்த லீ-என்ஃபீல்டின் தாழமைப்பை வகுத்த ஜேம்ஸ் பாரிஸ் லீ, ஸ்காட்லாந்தில் ஹாயிக் என்னும் ஊரில் பிறந்து கனடாவில் வளர்ந்தவர்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், தொழிற்சாலையில் சுட்டுச் சோதித்து, குறி தப்பாதவை எனத் தேர்ந்த துப்பாக்கிகளை மட்டும் லண்டனிலுள்ள ஹாலண்டு அண்டு ஹாலண்டு நிறுவனத்திற்கு அனுப்பினார்கள். செல்வர்களுக்கும் சிற்றரசர்களுக்கும் வேட்டைத் துப்பாக்கி செய்து பெயர் பெற்ற நிறுவனம் அது. 1942 முதல் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளில் அவர்கள் தொலைநோக்கியைப் பொருத்திக் கொடுத்தனர். 32ஆம் எண் எனப்பட்ட அத்தொலைநோக்கி முதலில் பிரென் இயந்திரத் துப்பாக்கிக்காக வகுக்கப்பட்டது. மூன்று மடங்கு பெருக்கிக் காட்டும். எடை ஏறக்குறைய ஒரு கிலோ. கன்னத்தை வைத்துக்கொள்ளக் கட்டையின்மேல் ஒரு மரத்துண்டையும் இரு திருகாணிகளால் பொருத்தினார்கள். எங்கள் கட்டையில் அத்துண்டு இல்லை. அது இருந்த இடத்தில் அடைக்கப்பட்ட இரண்டு துளைகள் இருந்தன.

மனிதரைச் சுட்ட கருவி மானுக்கு வந்தது எவ்வாறு? போர் முடிந்தபின் படைத்துறை வேண்டாதவற்றை விற்றது. விற்ற பொருளில் நுனியோடு நுனி நோக்கும் இரண்டு அம்புகளைப் பொறிப்பது அரசின் வழக்கம். அதையும் கண்டோம். குழலில் மகுடத்தின் கீழ் பி-என்-பி என்னும் எழுத்துகள் இருந்தன. பர்மிங்காம் சோதனைச்சாலை 1954ஆம் ஆண்டு விதிகளின்படி இட்ட முத்திரை அது. ஆகவே அவ்வாண்டிற்குப் பின்னரே அச்சோதனை நடந்திருக்கவேண்டும். வாங்கியவர் யாரோ ஒருவர் முன்கட்டையை வெட்டிக் குறைத்து, வார்னிஷைப் பூசி, போர்க்களத்தை மறைத்துவிட்டார்.

இங்கே ஒரு விந்தையைக் குறிப்பிடவேண்டும். 1900ஆம் ஆண்டில், போயர் போருக்கென லோவட் பிரபு இதே மலைநாட்டு மான் வேட்டைக்காரர்களைத் திரட்டி ஒரு படை அமைத்தார். பதுங்கவும், தொலைநோக்கியால் துருவிப் பார்க்கவும், பொறுத்திருந்து சுடவும் மான்களிடம் கற்ற வித்தை போருக்குப் போயிற்று. போரில் பிறந்த துப்பாக்கி பின்னர் மான்களிடம் வந்து சேர்ந்தது.

இத்தனையும் தெரிந்தபின் நண்பர் கேட்டார்: “இத்தொலைநோக்கி இத்துப்பாக்கியோடு பிறந்ததுதானா?” கேள்வியின் கருத்து எளிது. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு தொலைநோக்கியைச் சேர்த்துச் சீராக்கி அனுப்பினார்கள். பின்னாளில் பல இணைகள் பிரிந்துபோயின. துப்பாக்கியின் எண்ணை ஏந்தியில் பொறிப்பார்கள். பார்த்தோம்; பொருந்தியது. தொலைநோக்கியின் எண்ணோ அதன் குழாயில் இருந்தது: 17428. அதனை இணைக்குச் சான்றாகத் துப்பாக்கியிலும் பொறித்திருப்பார்களே, எவ்விடத்தில் என்று கேட்டேன். நண்பர் என் கையிலிருந்த பின்கட்டையைப் பார்த்தார். கழுத்தின் மேற்புறத்தில் என்றார்.

நான் தேய்த்து வெளுப்பாக்கிய இடம் அது. 428 என்ற மூன்று இலக்கங்கள் வார்னிஷ் மிஞ்சிய ஓரத்தில் ஆழமாக நின்றன. அவற்றுக்கு முன்னிருந்த இடத்தில் மரத்தின் ரேகைகள் மட்டும் பளபளத்தன. இரு எண்களும் பொறித்த மரப்பெட்டியொன்றும் இத்தகைய துப்பாக்கிகளோடு வருவதுண்டு. இதற்கு அது வரவில்லை. ஆகவே இருந்தது ஒரே சாட்சி. அதன் வாயில் பாதியை நான் அடைத்துவிட்டேன். நண்பர் கடிந்துகொள்ளவில்லை. உப்புத்தாளை எடுத்து மடித்து அடுப்பில் போட்டார்.

அன்று மாலை, கல்வெட்டுத் துறையினர் தேய்ந்த எழுத்தைப் படிக்கும் முறைகளையெல்லாம் கையாண்டோம். விளக்கைத் தாழ்த்திப் பக்கவாட்டில் பிடித்தோம். மெல்லிய தாளை மேலிட்டுப் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்தோம். நான்கிற்கு முன்னால் ஒரு சாய்ந்த கோடு தெரிந்தது. அதற்கும் முன்னால் ஒன்றும் இல்லை.

மறுநாள் வேலையின் போக்கே மாறிற்று. கட்டையை மேலும் தேய்க்காமல், ஆளிவிதை எண்ணெயை மட்டும் கையால் சூடுபறக்கத் தடவினார். குழலைப் புதிதாகக் கறுப்பேற்றும் எண்ணத்தைக் கைவிட்டார். தொலைநோக்கியின் கண்ணாடியில் ஒரு மங்கல் இருந்தது. அக்காலத்து வில்லைகளைக் கனடா பால்சம் என்னும் மரப்பிசினால் ஒட்டினார்கள். முதுமையில் பிசின் கலங்கும். அதை நாம் திறக்கலாகாது என்று, தூசியைத் தூரிகையால் தட்டியதோடு நிறுத்தி, மற்றதை அத்தொழில் கற்றவரிடம் ஒப்படைத்தார். தோட்டா அறையின் அளவையும் துப்பாக்கித் தொழிலாளர் ஒருவர் சோதித்துச் சொல்லும்வரை ஒரு தோட்டாவும் சுடவில்லை.

கட்டையின் அடிப்புறத்துப் பித்தளை மூடியைத் திறந்தபோது, உள்ளே ஓர் எண்ணெய்க் குப்பியும், குழலைத் துடைக்கும் கயிறும் சுருட்டியபடியே கிடந்தன. கயிற்றின் முனையில் கறுத்த துணித்துண்டு ஒன்று. அதைக் கடைசியாகச் செருகியவன் போர்வீரனா, வேட்டைக்காரனா என்று சொல்வதற்கு வழியில்லை. நண்பர் அதை அப்படியே திரும்ப வைத்து மூடிவிட்டார்.

அச்சாய்ந்த கோடு ஏழின் கால்தான், ஆகவே இணை பிரியவில்லை என்பது நண்பரின் கட்சி. ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் மடலில் அதை மறவாமல் எழுதுகிறார். அது ஒன்றாகவும் இருக்கலாம், என் உப்புத்தாளின் கீறலாகவும் இருக்கலாம் என்று நானும் மறவாமல் பதில் எழுதிவருகிறேன்.