வைஃபை இருந்தும் இணையம் வராமை: வளைகுடா வீடுகள்

மடிக்கணினி வீட்டு வைஃபையில் சேர்ந்துவிட்டதாகக் காட்டும், ஆனால் எந்தப் பக்கமும் திறக்காது. வைஃபை என்பது மடிக்கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையே சில மீட்டர் தூரத்துக்கான ரேடியோ தொடர்பு மட்டுமே. அதற்கு அப்பால் ஃபைபர் பெட்டி, நிறுவனத்தின் நிலையம், கடலடிக் கேபிள் என்று பல கண்ணிகளைத் தாண்டினால்தான் இணையம் கிடைக்கும். வைஃபையில் சேர்ந்ததும் விண்டோஸ் கணினி மைக்ரோசாஃப்ட் சேவையகத்திடம் ஒரு சிறு உரைக்கோப்பைக் கேட்கிறது. எதிர்பார்த்த சொற்கள் திரும்பி வராவிட்டால் இணையம் இல்லை என்று அறிவிக்கிறது. எந்தக் கண்ணி அறுந்தது என்பதை அந்த அறிவிப்பு சொல்வதில்லை. ஆகவே மடிக்கணினியில் தொடங்கி வெளியே செல்வதே பழுதைக் கண்டறியும் சரியான முறை. வளைகுடாவிலோ பலரின் சந்தேகம் முதலில் கடலுக்கும் நிறுவனத்துக்கும் போய், கடைசியில்தான் மடிக்கணினிக்கு வருகிறது.

இதற்கு இப்பகுதியின் வரலாறு ஒரு காரணம். வளைகுடாவின் வெளியுலகத் தொடர்பு தொடக்கம் முதலே கடலடிக் கம்பியை நம்பியது. 1864இல் இந்தியாவையும் ஐரோப்பாவையும் தந்தியால் இணைக்க, குவாதரிலிருந்து முசந்தம், புஷேர் வழியாக ஃபாவ் வரை கேபிள் இழுக்கப்பட்டது. இன்றைய ஓமானின் முசந்தம் பகுதியில் அதற்கென நிலையம் அமைந்த சிறு தீவு இன்றும் தந்தித் தீவு என்றே வழங்குகிறது. கடும் வெயிலில் இயங்கிய அந்த நிலையம் சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டது. இணையமும் அதே கடல்வழியில் வந்தது. 1976இல் தொடங்கப்பட்ட தொலைத்தொடர்பு நிறுவனமான எடிசலாட், 1995இல் அமீரகத்தில் இணையச் சேவையை அளித்தது. 1997இல் செயல்படத் தொடங்கிய ஃபிளாக் கேபிள் ஃபுஜைராவில் கரையேறியது. 2008 ஜனவரி 30 அன்று அலெக்சாந்திரியா அருகே ஃபிளாக், சீ-மீ-வீ 4 ஆகிய இரு கேபிள்களும் அறுந்தன. பிப்ரவரி 1 அன்று துபாய்க்கும் ஓமானுக்கும் இடையே ஃபால்கன் கேபிள் அறுந்தது. அந்த இடத்தில் கைவிடப்பட்ட ஒரு நங்கூரம் கண்டெடுக்கப்பட்டது. 2025 செப்டம்பரில் ஜித்தா அருகே செங்கடலில் சீ-மீ-வீ 4, ஐமீவி கேபிள்கள் சேதமடைந்து, அமீரக நிறுவனங்களான எடிசலாட், டூ ஆகியவற்றின் வாடிக்கையாளர்களின் இணைப்பு மந்தமானது.

இவ்வளவு நடந்திருக்க, கடலைச் சந்தேகிப்பது நியாயம்தானே என்று கேட்கலாம். ஆனால் கேபிள் அறுந்தால் பெரும்பாலும் வேகம்தான் குறையும். சில தளங்கள் திணறும், சில திறக்கும். பாதிப்பு வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும், பக்கத்து வீட்டுக்கும் பொதுவாக இருக்கும். அதே வைஃபையில் கைபேசி ஓடி, மடிக்கணினி மட்டும் முடங்கினால் கடலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அரசின் தடைதான் காரணம் என்ற வாதமும் உண்டு. அமீரகத்தில் வாட்ஸ்ஆப் அழைப்பு முடக்கப்பட்டிருக்கிறது; போட்டிம் போன்ற உரிமம் பெற்ற செயலிகளுக்கே அனுமதி. சவூதி அரேபியா இத்தகைய தடையை 2017 செப்டம்பரில் தளர்த்தியது. ஆனால் தடை குறிப்பிட்ட சேவையை மட்டுமே நிறுத்தும். அழைப்பு போகாமல் செய்தி மட்டும் போனால் இணையம் இருக்கிறது என்றே பொருள்.

வீட்டுக்குள் தேட வேண்டிய காரணங்கள் பல. பலர் பகிரும் ஷேரிங் அறைகளிலும், படுக்கை இடம் மட்டும் வாடகைக்கு விடும் பெட் ஸ்பேஸ் வில்லாக்களிலும் ஒரே இணைப்பைப் பலர் பயன்படுத்துகிறார்கள். வீட்டு ரவுட்டர் வழங்கும் ஐபி முகவரிகள் வழக்கமாக 254க்கு மேல் போகா. ரவுட்டரின் தொடக்க அமைப்பில் இன்னும் குறைவாகவும் இருக்கலாம். அவை தீர்ந்துபோனால் புதிதாகச் சேரும் விண்டோஸ் மடிக்கணினி 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தானே வைத்துக்கொள்ளும். அதை வைத்து வெளியே போக முடியாது. அடுத்த அறைக்கு வாங்கி மாட்டிய இரண்டாவது ரவுட்டரும் முதல் ரவுட்டரும் ஒரே 192.168.1 வரிசையில் இருந்தால் தடம் குழம்பும். அலுவலகம் அமைத்த பிராக்ஸி, ஊரில் வைத்த நிலையான ஐபி, அணைத்த பிறகும் தடுப்பை விடாத விபிஎன், தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றும் டிஎன்எஸின் பழுதான அமைப்பு, தவறான தேதி ஆகியவை மடிக்கணினியோடு வீடு மாறியும் நாடு மாறியும் கூடவே வருபவை.

எனவே முதலில் வேறொரு கருவியை அதே வைஃபையில் சோதிக்க வேண்டும். அது ஓடினால் குறை பெரும்பாலும் மடிக்கணினியில்தான். ஐபி முகவரியைப் பார்த்து, விபிஎன், பிராக்ஸி இரண்டையும் நீக்கி, முகவரியையும் டிஎன்எஸையும் தானியங்கி நிலையில் வைக்க வேண்டும். 8.8.8.8 என்ற எண்ணுக்கு பிங் பதில் வந்தும் தளத்தின் பெயர் திறக்காவிட்டால் பெரும்பாலும் டிஎன்எஸ்தான் பழுது. எந்தக் கருவியும் ஓடாவிட்டால் ஃபைபர் பெட்டியைப் பார்க்க வேண்டும். ஒளிச் சமிக்ஞை வராததைக் காட்டும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் பழுது பெரும்பாலும் வெளியே இருக்கிறது; அப்போது நிறுவனத்தை அழைப்பதே வழி. எல்லாவற்றையும் அணைத்துப் போடுவது எளிதல்லவா என்பார்கள். மறுதொடக்கம் தீங்கற்றது, ஆனால் பழுது எங்கே என்று சொல்லாமல் மறைத்துவிடும், சில நாளில் அதே பழுது திரும்பவும் வரலாம். ரவுட்டரைத் தொடக்க அமைப்புக்கு மீட்டமைப்பதோ ஆபத்தானது. அதில் பதிந்த, நிறுவனம் தந்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அழிந்து, மடிக்கணினியின் குறை வீட்டின் குறையாகிவிடலாம்.

இன்று அமீரகம் வீட்டு ஃபைபர் இணைப்பில் உலகின் முன்வரிசையில் நிற்கிறது. வெளிக்கண்ணிகள் உறுதிப்படும் அளவுக்கு, எஞ்சும் பழுதுகளில் வீட்டுக்குள் இருப்பவற்றின் பங்கு கூடும்.