வீட்டைச் சுமக்கும் கியர்ப்பெட்டி



எனது நிகழ்ச்சிக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பெரும்பாலானவை வருமான வரி பற்றியவை. கோடை விடுமுறை நெருங்கும்போது மட்டும் இன்னொரு கேள்வியும் வந்து சேரும். "அண்ணை, பழைய மோட்டார் ஹோம் ஒண்டு பார்த்து வைச்சிருக்கிறம். ஓட்டோமற்றிக்தானாம். வாங்கலாமோ?"

நான் கணக்காளன், மெக்கானிக் அல்ல. விற்பனைப் பத்திரத்தை ஒழுங்காக வாசிப்பதுதான் என் தொழில். அந்தப் பத்திரத்தில் 'ஓட்டோமற்றிக்' என்று ஒரே சொல்லில் முடித்திருப்பார்கள். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் பல பரம்பரைகள் இருக்கின்றன. மோட்டார் ஹோம் கட்டும் கம்பனிகள் பொதுவாகக் கியர்ப்பெட்டி செய்வதில்லை. கட்டிலும் அடுப்பும் குளியலறையும் மட்டுமே அவர்களுடைய வேலை. கீழே இருக்கும் கியர்ப்பெட்டி காருக்கோ, பஸ்ஸுக்கோ, சாமான் ஏற்றும் வானுக்கோ என்று பிறந்து, பிறகு வீட்டைச் சுமக்க வந்தது. அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால், எவ்வளவு பாரம் தாங்கும், என்ன எண்ணெய் கேட்கும், மேட்டில் நிறுத்தினால் நிற்குமா என்பதெல்லாம் தெரியும். இந்த மாத உரை அந்தப் பரம்பரைகளின் வரலாறு.

கப்பலில் பிறந்தது

கதை ஜேர்மனியில் தொடங்குகிறது. ஹேர்மன் ஃபோற்றிங்கர் என்ற பொறியியலாளர் கப்பலின் நீராவிச் சுழலியை அதன் உந்து விசிறியோடு இணைக்கும் வழியைத் தேடினார். இரும்பை இரும்போடு பூட்டாமல் திரவத்தின் மூலம் சுழற்சியைக் கடத்தும் முறைக்கு 1905இல் காப்புரிமை பெற்றார். இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றைப் போட்டால், அதன் காற்றில் மற்றதும் மெல்லச் சுற்றும் அல்லவா? காற்றுக்குப் பதில் எண்ணெயை நினைத்துக்கொள்ளுங்கள், அதுதான் தத்துவம். கிளட்ச் மிதியின் வேலையை எண்ணெய் எடுத்துக்கொண்டது.

இந்தத் தத்துவத்தைக் காருக்குள் வெற்றிகரமாகக் கொண்டுவந்தது ஜெனரல் மோட்டோர்ஸ். ஏர்ள் தொம்சன் தலைமையிலான குழு உருவாக்கிய ஹைட்ராமற்றிக், 1940 மாடல் ஒல்ட்ஸ்மொபில் கார்களில் 1939இன் இறுதியில் விற்பனைக்கு வந்தது. நான்கு கியர், கிளட்ச் மிதி இல்லை. உடனே உலகப் போர் வந்து கார் உற்பத்தி நின்றது. ஆனால் ஹைட்ராமற்றிக் நிற்கவில்லை. எம்-5 ஸ்ருவர்ட் என்ற இலகு தாங்கிக்குள் இரண்டு கடிலாக் எஞ்சின்களும் இரண்டு ஹைட்ராமற்றிக் பெட்டிகளும் பூட்டப்பட்டன. காருக்குச் செய்த பெட்டி பெரும் பாரத்தை இழுக்கும் என்பது அங்கேதான் நிரூபணமாயிற்று.

1953 ஓகஸ்டில் மிச்சிகனின் லிவோனியா நகரில் இருந்த ஹைட்ராமற்றிக் தொழிற்சாலை முழுதாக எரிந்து போனது. கம்பனி வில்லோ ரன்னில் இருந்த, போர்க்காலத்தில் குண்டுவீச்சு விமானங்கள் கட்டிய பெரிய கட்டடத்தை எடுத்து உற்பத்தியைத் தொடர்ந்தது. அங்கே 2010 வரை கியர்ப்பெட்டிகள் செய்யப்பட்டன.

வீடு ஏறிய காலம்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஃபொறெஸ்ற் சிற்றி என்ற சிறிய ஊரில் வின்னபேகோ கம்பனி 1966இல் மோட்டார் ஹோம் கட்டத் தொடங்கியது. அதற்குப் பிறகுதான் இந்த வண்டிகள் நடுத்தரக் குடும்பங்களின் கைக்கு எட்டின. அக்கால வின்னபேகோக்களில் பல டொட்ஜ் லொறிச் சட்டகத்தின்மேல் கட்டப்பட்டவை. அவற்றில் இருந்தது கிறைஸ்லரின் ரோர்க்பிளைற் 727 என்ற மூன்று கியர்ப் பெட்டி. ஜெனரல் மோட்டோர்ஸின் பி-30 சட்டகத்தில் வந்தவற்றில் ரேர்போ ஹைட்ராமற்றிக் 400 இருந்தது. அது 1964 மாடல் கடிலாக், பியூயிக் கார்களுக்காக வந்த பெட்டி. ஃபோர்ட் சட்டகங்களில் 1966 முதல் வந்த சி-6 இருந்தது.

இவற்றுள் விசித்திரமானது ஜி.எம்.சி மோட்டார் ஹோம். 1973 முதல் 1978 வரை ஏறத்தாழ 13 ஆயிரம் வண்டிகள் மட்டுமே செய்யப்பட்டன. ஒல்ட்ஸ்மொபில் ரொறொனாடோ காரின் எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் அப்படியே முன்பக்கத்தில் வைத்து, முன் சக்கரங்களை ஓட்டினார்கள். அந்தப் பெட்டியின் பெயர் ரேர்போ ஹைட்ராமற்றிக் 425. எஞ்சினுக்குப் பின்னால் தேடினால் அது அகப்படாது. எஞ்சினுக்குப் பக்கத்தில் இருக்கும், இரண்டையும் ஒரு தடித்த சங்கிலி இணைக்கும். தரைக்குக் கீழே நீளத் தண்டு ஓடாததால் வீட்டின் தளம் மிகவும் தாழ்வாக அமைந்தது.

நான்காவது கியரின் இலாபம்

மூன்று கியர்ப் பெட்டிகளுக்கு ஒரு குறை. மேல் கியரில் எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றினால் வெளியே போகும் தண்டும் ஒரு சுற்று. நெடுஞ்சாலையில் எஞ்சின் ஓயாமல் இரையும், பெற்றோலும் கரையும். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு இது பொறுக்க முடியாத செலவாயிற்று.

ஃபோர்ட் 1989இல் சி-6இன் வழியில் ஈ4ஓடி என்ற நான்கு கியர்ப் பெட்டியைக் கொண்டுவந்தது. ஜெனரல் மோட்டோர்ஸ் 1991இல் 400இன் வழித்தோன்றலாக 4எல்80-ஈ பெட்டியைக் கொண்டுவந்தது. இதன் நான்காவது கியர் விகிதம் 0.75. கணக்காளன் பாஷையில் சொல்கிறேன்: முன்பு நிமிடத்துக்கு 3000 தடவை சுற்றிய எஞ்சின், அதே வேகத்தில் 2250 தடவை சுற்றினால் போதும். இரண்டு பெட்டிகளிலும் கியர் மாற்றும் தீர்மானத்தை மின்னணுக் கட்டுப்பாடு எடுத்துக்கொண்டது.

ஆனால் இலாபத்துக்குப் பின்னால் ஒரு செலவு உண்டு. மலையேறும்போது பெட்டி மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் மாறி மாறி அலைந்தால் எண்ணெய் சூடேறும். ஓட்டோமற்றிக் பெட்டியின் பரம எதிரி சூடுதான். அதனால்தான் ஓவர்டிரைவை நிறுத்தும் பொத்தானை வைத்திருக்கிறார்கள். றொக்கி மலைக்குப் போகிறவர்கள் அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று புறப்படும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

பஸ் வழி வந்தவை

பின்புறத்தில் டீசல் எஞ்சின் உள்ள பெரிய மோட்டார் ஹோம்களின் வழி வேறு. இண்டியானாபொலிஸ் நகரின் அலிசன் கம்பனி விமான எஞ்சினுக்குப் பேர் போனது. ஜெனரல் மோட்டோர்ஸ் அதை 1929இல் வாங்கி 2007இல் விற்றது. தாங்கி, பஸ், லொறி என்று கனரக வண்டிகளுக்கே கியர்ப்பெட்டி செய்து பழகிய கம்பனி அது. அதன் 3000, 4000 வரிசைப் பெட்டிகளின் பெயருக்குப் பின்னால் எம்.எச் என்ற எழுத்துகள் இருந்தால், மோட்டார் ஹோமுக்கு என்று அமைக்கப்பட்டது என்று பொருள்.

ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் உள்ள எம்மவர் ஓட்டுவது பெரும்பாலும் வான் வழி வந்த வண்டிகள். அங்கே ஓடும் ஃபியற் டுக்காட்டோக்களில் பலவற்றில் கொம்ஃபோர்ட்-மற்றிக் இருக்கும். அது உண்மையில் சாதாரணக் கியர்ப்பெட்டிதான். கிளட்சை மிதிக்கும் காலுக்கும் கியர் மாற்றும் கைக்கும் பதிலாக இயந்திரம் அந்த வேலையைச் செய்கிறது. அதில் எண்ணெய் விசிறிகள் இல்லை. கிளட்ச் தட்டு உண்டு, அது தேயும். 2019இல்தான் ஒன்பது கியர் கொண்ட முழுமையான ஓட்டோமற்றிக் அந்த வண்டிக்கு வந்தது.

அடையாளம் காண்பது எப்படி?

முதலில் மோட்டார் ஹோமின் பெயர்ப் பலகையை மறந்துவிட்டு, சட்டகம் யாருடையது என்று பாருங்கள். சாரதியின் கதவோரத்திலோ இருக்கையருகிலோ உள்ள தகட்டில் அது இருக்கும். அடுத்து, வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, எஞ்சினை நிறுத்திய பின் கீழே பாருங்கள். கியர்ப்பெட்டியின் அடியில் உள்ள எண்ணெய்த் தட்டின் ஆணிகளை எண்ணுவது பழைய மெக்கானிக்குகளின் வழி. ரேர்போ 400க்கு 13, ரோர்க்பிளைற் 727க்கு 14, சி-6க்கு 17, ஈ4ஓடிக்கு 20. 4எல்80-ஈக்கும் 17தான். ஆனால் அது ஜெனரல் மோட்டோர்ஸ் சட்டகத்தில் இருக்கும், மின்கம்பி இணைப்பும் இருக்கும், சி-6இல் அது இராது. அலிசனில் பக்கவாட்டில் மாடலும் தொடரிலக்கமும் பொறித்த தகடு உண்டு.

ஏன் இவ்வளவு பாடுபட வேண்டும்? முதற் காரணம் எண்ணெய். எழுபதுகளின் தொடக்கம் வரை அமெரிக்கக் கியர் எண்ணெய்களில் ஸ்பேர்ம் திமிங்கிலத்தின் எண்ணெய் சேர்க்கப்பட்டது. உள்ளே உள்ள தட்டுகள் மெதுவாகப் பிடிக்க அதுதான் உதவியது. திமிங்கிலங்களைக் காக்கச் சட்டம் வந்ததும் புதிய கலவைகளைத் தேட வேண்டியதாயிற்று. ஒவ்வொரு கம்பனியும் தன் பெட்டிக்கு என்று தனி எண்ணெய்த் தரம் வைத்திருக்கிறது. பெரும்பாலும் சிவப்பாகத்தான் இருக்கும், ஆனால் எல்லாம் ஒன்றல்ல. எண்ணெய் மட்டம் பார்க்கும் முறையும் அப்படியே. பழைய பெட்டிகளில் பொதுவாக எஞ்சின் ஓடிச் சூடாக இருக்கும்போது பார்க்க வேண்டும். ரோர்க்பிளைற் 727இல் கைப்பிரேக்கைப் போட்டு நியூட்ரலில் வைத்துப் பார்க்க வேண்டும். பொத்தான் பலகை உள்ள அலிசன்களில் மேல், கீழ் அம்புக்குறிகளைச் சேர்த்து அழுத்தினால், உணரி பொருத்தப்பட்டிருந்தால் அதுவே மட்டத்தைக் காட்டும்.

'பி' என்ற எழுத்து

இரண்டாவது காரணம் உயிர். காரில் 'பி'யில் போட்டுவிட்டு இறங்கிப் பழகியவர்கள் நாங்கள். அந்த எழுத்துக்குப் பின்னால் இருப்பது கியர்ப்பெட்டிக்குள் ஒரு பல்லில் விழும் சிறிய இரும்புக் கொக்கி. அலிசன் 3000, 4000 வரிசைகளில் அந்தக் கொக்கியே இல்லை, 'பி'யும் இல்லை. நியூட்ரலில் போட்டு மஞ்சள் குமிழை இழுத்துக் காற்றுப் பிரேக்கைப் போட வேண்டும். கொம்ஃபோர்ட்-மற்றிக்கிலும் 'பி' கிடையாது. பி-30 சட்டகத்தின் கனமான வகைகளில் நெம்புகோலில் 'பி' இருக்கும், ஆனால் அது பூட்டுவது கொக்கியை அல்ல. பின்தண்டில் உள்ள தனிப் பிரேக்கைத்தான் அது போடும். அந்தப் பிரேக் தேய்ந்திருந்தால் 'பி' என்பது வெறும் எழுத்து.

கொக்கி உள்ள வண்டியிலும் நெம்புகோல் சரியாக அமர வேண்டும். 1966 முதல் 1980 வரையிலான ஃபோர்ட் வண்டிகள் 'பி'யிலிருந்து தாமாகப் பின்னுக்கு நகர்வதாக ஏராளமான முறைப்பாடுகள் எழுந்தன, மரணங்களும் பதிவாகின. 1980இன் இறுதியில் அமெரிக்க அரசுடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, சுமார் 2 கோடி 30 இலட்சம் வண்டிகளுக்கு எச்சரிக்கை ஒட்டிகள் அனுப்பப்பட்டன. அவை சொன்னதன் சாரம்: 'பி'யில் சரியாக விழுந்ததா என்று பார், கைப்பிரேக்கைப் போடு, எஞ்சினை நிறுத்து.

காரைவிடப் பல மடங்கு பாரமான வண்டி இது. முகாம் இடத்தில் அதைச் சுற்றிப் பிள்ளைகள் ஓடி விளையாடுவார்கள். அம்மா பின்பக்கத்தில் கதிரை போட்டு இருப்பா. ஆகவே வாங்குவதற்கு முன் விற்பவரிடம் இந்த மூன்றையும் கேளுங்கள்: கியர்ப்பெட்டியின் மாடல் என்ன? கடைசியாக எந்த எண்ணெய், எப்போது மாற்றினீர்கள்? மேட்டில் நிறுத்தினால் இந்த வண்டியைப் பிடித்து வைத்திருப்பது எது? பதில்களைப் பற்றுச்சீட்டுடன் காட்டச் சொல்லுங்கள். மூன்றாவது கேள்விக்கு "பி-யில போட்டால் சரி" என்று மட்டும் பதில் வந்தால், நல்ல மெக்கானிக் ஒருவர் கீழே இறங்கிப் பார்க்கும் வரை காசைக் கொடுக்காதீர்கள்.

அடுத்த மாதம் வேறொரு தலைப்போடு சந்திப்போம்.