பிறேஸ்கேடில் வழக்கும் படித்த இளைஞரும்

‘உத்தியோகம் புருஷ லட்சணம்’ என்பதை வேதவாக்காகக் கொண்ட சமுதாயம் நம்முடையது. சென்ற நூற்றாண்டின் முப்பதுகளிலே லண்டன் சென்று பட்டத்தோடு மீண்ட இளைஞன் ஒருவன் எவ்வழி செல்வான் என்பதைச் சோதிடம் பாராமலே சொல்லிவிடலாம். சிவில் சேவை, அன்றேல் புதுக்கடையில் அப்புக்காத்துத் தொழில், அன்றேல் வைத்தியம். அதன் பின் நல்ல சீதனம், கறுவாத்தோட்டத்தில் ஒரு வீடு. இவ்வழியிற் செல்லாது விலகிய சிலர் 1937ஆம் ஆண்டில் நடத்திய போராட்டம் ஒன்றையே ஈண்டு நோக்க விரும்புகின்றோம். மேல்வகுப்பு மாணவரிடம் பிறேஸ்கேடில் என்ற பெயரைச் சொன்னபோது, அது ஏதோ தேயிலைக் கம்பனியின் பெயர் என்று ஒருவர் மறுமொழி சொன்னார். தேயிலையோடு தொடர்புபடுத்திய மட்டில் அவர் முற்றாகப் பிழைவிடவில்லை.

மார்க் அன்ரனி லிஸ்ரர் பிறேஸ்கேடில் 1912இல் லண்டனிற் பிறந்தவர். தாயுடன் அவுஸ்திரேலியா சென்று வளர்ந்தவர். அங்கு இளங் கம்யூனிஸ்டுகளோடு பழகியவர். 1936இல் தேயிலைத் தொழில் பயில இலங்கைக்கு வந்து மடுல்கலைப் பகுதியிலுள்ள ரெலுகஸ் தோட்டத்திற் சேர்ந்தார். இவ்வாறு தொழில் பழக வரும் வெள்ளை இளைஞரைத் தோட்டத்துரைமார் ‘கிறீப்பர்’ என்று அழைப்பர். கிறீப்பர் சின்னத்துரையாவார், சின்னத்துரை பெரியதுரையாவார், அதுவே அங்குள்ள படிமுறை. பிறேஸ்கேடில் அப்படிமுறையில் ஏறவில்லை. லயன்களில் ஒரே அறைக்குள் ஒரு குடும்பம் முழுவதும் அடைந்து கிடப்பதையும், பிள்ளைகள் படிப்பும் மருந்துமின்றி வளர்வதையும் கண்டு, தொழிலாளரின் பக்கம் சேர்ந்தார். சில மாதங்களிலே வேலை போயிற்று. கொழும்புக்கு வந்து லங்கா சமசமாஜக் கட்சியில் இணைந்தார்.

1935 டிசெம்பர் 18இல் தோன்றிய அக்கட்சியின் தலைவர்களுடைய வயதை எண்ணிப் பார்த்தால் வியப்பே மேலிடும். ஹரல்ட் லாஸ்கியிடம் பயின்று திரும்பிய என். எம். பெரேராவுக்கு 1937இன் தொடக்கத்தில் 31 வயது. பிரித்தானியர் ஆட்சியில் இலங்கையின் வரலாற்றை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்ற அப்புக்காத்து கொல்வின் ஆர். டி சில்வாவுக்கு 29. லெஸ்லி குணவர்த்தனாவுக்கு 27. பிலிப் குணவர்த்தனாவும் வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்காவும் சற்று மூத்தவர்கள். இவர்களை மக்களிடம் கொண்டு சேர்த்தது நூலறிவன்று; மலேரியா. 1934-35இல் அக்காய்ச்சலுக்கு 80,000 பேர் வரையில் பலியாயினர். கேகாலைப் பகுதிக் கிராமங்களில் மருந்தோடு பருப்பும் கொண்டு திரிந்த என். எம். பெரேராவைச் சனங்கள் ‘பருப்பு மாத்தயா’ என்றழைத்தனர். நோய் பசியோடு கூடியே கொல்கிறது என்பதை லாஸ்கியின் வகுப்பறையிலே கேட்பதற்கும் ஒரு குடிசை வாசலிலே காண்பதற்கும் இடையிலுள்ள தூரத்தை அந்த ஓராண்டில் அவர்கள் கடந்தனர்.

1937 ஏப்ரில் 3ஆம் திகதி நாவலப்பிட்டியில் ஒரு கூட்டம். இந்தியாவிலிருந்து வந்திருந்த கமலாதேவி சட்டோபாத்யாய மேடையிலிருந்தார். தோட்டத் தொழிலாளர் இரண்டாயிரம் பேர் வரையில் திரண்டிருந்தனர். அவர்கள் முன்னால் பிறேஸ்கேடில் எழுந்து துரைமாரைக் கண்டித்துப் பேசினார். வெள்ளைக்காரர் ஒருவர் துரைமாருக்கெதிராகத் தொழிலாளர் முன்னிலையிற் பேசுவதை அந்தச் சனங்கள் அதற்குமுன் கண்டதில்லை. துரைமாரும் கண்டதில்லை. கறுப்பன் பேசினால் அது கலகம். வெள்ளையன் பேசினால் அது துரோகம். பயமும் பணிவும் தூணாக நின்று தாங்கிய ஒரு வீட்டிலே, அத்தூணையே ஆட்டுகின்ற காரியம் அது.

தேசாதிபதி சேர் றெஜினோல்ட் ஸ்ரப்ஸ் 1896ஆம் ஆண்டுக் கட்டளை ஒன்றைத் தூசு தட்டி எடுத்தார். ஏப்ரில் 22இல் ஆணை கையளிக்கப்பட்டது: நாற்பத்தெட்டு மணித்தியாலத்துள், ‘மூல்தான்’ என்னும் கப்பலில் ஏறி நாட்டை விட்டு நீங்க வேண்டும். கப்பல் புறப்பட்டது, பிறேஸ்கேடில் அதில் இல்லை. கட்சித் தோழர் அவரை மறைத்து வைத்திருந்தனர். மே தின ஊர்வலத்திலே, எங்களுக்குப் பிறேஸ்கேடில் வேண்டும், ஸ்ரப்ஸை நாடு கடத்துங்கள் என்ற பதாகைகள் எழுந்தன.

இவ்விடத்து அந்த இளைஞரின் திறமையைக் கவனிக்க வேண்டும். ஒரே வேளையில் மூன்று களங்களில் அவர்கள் நின்றனர். அரசாங்க சபையிலே பெரேராவும் பிலிப்பும் தேசாதிபதிக்கெதிராகக் கண்டனத் தீர்மானம் கொண்டுவந்தனர். டொனமூர் அரசியலமைப்பின்படி உள்நாட்டு அலுவல்கள் சபையினால் தெரிவான அமைச்சர் ஒருவரின் பொறுப்பில் இருந்தன. அவரைக் கேளாமலே ஆணை பிறந்தது என்பதே குற்றச்சாட்டு. சமசமாஜத்தைக் கனவிலும் விரும்பாத உறுப்பினர்கூட, தம் சபைக்கு நேர்ந்த அவமானத்தைப் பொறாதவராய்த் தீர்மானத்துக்குக் கையுயர்த்தினர். ஆதரவு 34, எதிர்ப்பு 7. தம் எதிரிகளின் தன்மானத்தையும் தம் பக்கத்துக்கு ஆயுதமாக்கிய இந்தச் சாமர்த்தியத்தைப் பிற்காலத்து இடதுசாரிகளிடம் அதிகமாகக் காண்பதற்கில்லை.

மே 5ஆம் திகதி காலிமுகத்திடலிலே பெருங்கூட்டம். ஐம்பதினாயிரம் பேர் என்பது கட்சியின் கணக்கு. பொலிசாரின் கணக்கு அதனிற் குறைவு. பேசியவர்களின் பெயர்ப்பட்டியலைக் காணும்போது நமக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சி ஒன்று உண்டு. சமசமாஜத் தலைவர்களோடு ஏ. ஈ. குணசிங்க, எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க ஆகியோர் நின்ற மேடையில் ஹண்டி பேரின்பநாயகமும் நின்றார். மீனாட்சி அம்மாள் நடேசையரும் நின்றார். முன்னவர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசை வளர்த்த பள்ளிக்கூட ஆசிரியர். பின்னவர், தோட்டந்தோட்டமாகச் சென்று தாமே பாட்டுக் கட்டிப் பாடித் தொழிலாளரைத் திரட்டிய பெண்மணி. கொழும்பின் அப்புக்காத்துமாரும் யாழ்ப்பாணத்து ஆசிரியரும் மலையகத்துப் பெண்ணும் ஒரு வெள்ளைக்காரனின் பேச்சுரிமைக்காக ஒரே மேடையில் நின்றனர். அதே மேடையிற் பிறேஸ்கேடில் திடீரெனத் தோன்றினார். சூழ நின்ற சனசமுத்திரத்துள் இறங்கி அவரைப் பிடிக்கப் பொலிசார் துணியவில்லை.

மூன்றாவது களம் நீதிமன்றம். மறைந்திருப்பவருக்கு ஆட்கொணர்வு மனுவினாற் பயனில்லை. ஒருவர் காவலில் இருந்தாற்றான், எந்தச் சட்டத்தின்படி இவரைப் பிடித்தாய் என்று அரசைக் கேட்க இயலும். சில நாட்களில் புதுக்கடையிலே கட்சிச் செயலாளர் வேர்ணன் குணசேகராவின் வீட்டிற் பிறேஸ்கேடில் கைதானபோது மனுவுக்குரிய ஆயத்தங்கள் யாவும் முடிந்திருந்தன. எச். வி. பெரேரா ஒரு சதமும் பெறாமல் வாதாடினார். அவர் இளைஞருமல்லர், சமசமாஜியுமல்லர். சிவில் வழக்குகளில் நாட்டின் முதன்மை அப்புக்காத்து. மே 18இல் பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஏபிரகாம்ஸ் தலைமையிலான மூவர் ஆயம் பிறேஸ்கேடிலை விடுதலை செய்தது.

பேச்சுரிமையை நீதிமன்று நிலைநாட்டியது என்று மேடைகளிற் சொல்லப்படுவதுண்டு. தீர்ப்பு அத்துணை அகலமானதன்று. தேசாதிபதி கையிலெடுத்த அதிகாரம் அவசரகால நிலைமைக்கென வழங்கப்பட்டது. அத்தகைய நிலைமை நாட்டில் இல்லை. ஆகவே ஆணை செல்லாது. இதுவே அதன் சாரம். ஆட்சியாளன் தன் செயலுக்குச் சட்டத்தைக் காட்ட வேண்டும் என்ற கோட்பாடு அதனால் உறுதிப்பட்டது உண்மை. ஆனால் அவசரகாலம் என்று ஒன்று இருந்திருந்தால்? அக்கேள்வியைத் தீர்ப்பு திறந்தே விட்டது. அவ்வாயிலின் ஊடாகவே பின்வந்த வரலாறு நடந்தது.

விடைக்கு நெடுநாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. 1940 ஜனவரியில் மூலோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளருள் கோவிந்தன் என்பவர் பொலிசாரின் துப்பாக்கிக்கு இரையானார். விசாரணைக் குழுவின் முன்னால் அவருடைய மனைவியின் சார்பிற் கொல்வின் தோன்றினார். அதே ஆண்டு ஜூன் மாதத்தில், யுத்தகாலப் பாதுகாப்புப் பிரமாணங்களின் கீழ்க் கொல்வினும் பெரேராவும் பிலிப்பும் தடுத்து வைக்கப்பட்டனர். இம்முறை அவசரகாலம் மெய்யாகவே இருந்தது. எந்த மனுவும் அவர்களை விடுவிக்கவில்லை. 1942 ஏப்ரில் 7இல் போகம்பறைச் சிறையிலிருந்து அவர்கள் தாமே வெளியேறினர். 1947இல் அரசாங்க எழுதுவினைஞர் வேலைநிறுத்தத்தில் இறங்கி, அவர்களுள் ஒருவரான கந்தசாமி கொழும்பிற் பொலிசார் சுட்டு மாண்ட அந்தப் பரபரப்பினிடையே, பொதுசனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அவசரகாலத்துக்கு இனி யுத்தம் தேவையில்லை; ஒரு பிரகடனம் போதும்.

1971ஐப் பற்றி எழுதுவதில் நமக்குத் தயக்கம் உண்டு. எவரிடம் அரசியல் கற்றோமோ அவர்களைக் குறைசொல்வது எளிதன்று. ஆயினும் சொல்லத்தான் வேண்டும். ஏப்ரில் கிளர்ச்சியை அடுத்துப் பல்லாயிரம் இளைஞர் அவசரகால விதிகளின் கீழ்த் தடுத்து வைக்கப்பட்டபோது, என். எம். பெரேரா நிதியமைச்சர், கொல்வின் அரசியலமைப்பு அலுவல்களுக்குப் பொறுப்பான அமைச்சர், லெஸ்லியும் அமைச்சர். 1972ஆம் ஆண்டின் குற்றவியல் நீதி ஆணைக்குழுக்கள் சட்டம், சாதாரண நீதிமன்றம் ஏற்காத ஒப்புதல் வாக்குமூலங்களையும் சாட்சியமாக்கியது. தண்டிக்கப்பட்டவருக்கு மேன்முறையீட்டை மறுத்தது. கிளர்ச்சியாளரின் பாதையைச் சரியென்று நாம் கொள்ளவில்லை. ஆனால் பிழையான பாதையிற் சென்றவனுக்கும் உரிமை உண்டு என்பதற்காகவே புதுக்கடைக்கு அப்புக்காத்துமார் தேவைப்படுகின்றனர். சரியென்று எல்லோரும் ஒப்பியவனைக் காப்பதற்கு ஆட்கொணர்வு மனு எதற்கு?

1971ஆம் ஆண்டின் இறுதியிலே சிவில் உரிமைகள் இயக்கம் தோன்றியது. பேராசிரியர் சரச்சந்திர அதன் தலைமையில் நின்றார். மூத்த வழக்கறிஞர் எஸ். நடேசன் தம் சட்ட அறிவை அதற்கு வழங்கினார். அதன் செயலாளராக நெடுங்காலம் உழைத்த இளம் சட்டத்தரணி சூரியா விக்கிரமசிங்க, சமசமாஜத்தைத் தொடக்கியவர்களுள் ஒருவரான அதே வைத்தியர் விக்கிரமசிங்காவின் மகள். தந்தை அப்போது சார்ந்திருந்த கம்யூனிஸ்ட் கட்சியும் அரசாங்கக் கூட்டணியில் இருந்தது. 1979இல் பயங்கரவாதத் தடைச்சட்டம் பொலிஸ் அதிகாரியிடம் அளித்த வாக்குமூலத்தை மீண்டும் சாட்சியமாக்கி, பதினெட்டு மாதம்வரை விளக்கமின்றித் தடுத்து வைக்க இடமளித்தபோதும் அவ்வியக்கம் எதிர்த்தது. 1972இல் தென்னிலங்கை இளைஞனுக்காகச் சொன்ன நியாயத்தையே 1979இல் வடபுலத்து இளைஞனுக்காகவும் அது சொன்னது. நமக்கு இது சிறிய செய்தியன்று.

பிறேஸ்கேடில் 1937இன் இறுதியிலே தாமாகவே இங்கிலாந்து சென்றார், 1999இல் காலமானார். அவருடைய வழக்கைச் சட்ட மாணவர் படிக்கின்றனர். நாவலப்பிட்டியில் அவர் பேச்சைக் கேட்டு நின்ற அந்த இரண்டாயிரம் பேரின் வழக்கு வேறு. 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தைச் சமசமாஜிகள் எதிர்த்தே வாக்களித்தனர். 1964 ஒக்ரோபரில், 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானபோதோ, சில மாதங்களுக்கு முன்னரே அமைச்சரவையுட் புகுந்திருந்தார் பருப்பு மாத்தயா. எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறியது. நாவலப்பிட்டிக் கூட்டத்திலே இருபது வயதில் நின்றிருந்த ஒருவர் அதுவரை உயிரோடிருந்திருந்தால், அவருக்கு அப்போது எண்பத்தாறு வயது.