பதினைந்து நிமிடம்

ஹாஸ்டல் ரூமில் என் சொந்தக் காசில் வாங்கின கம்ப்யூட்டர். அதிலிருந்து ஒரு ஒயர் சுவர் வழியாகப் பல்கலைக்கழக நெட்வொர்க்குக்குப் போகிறது. இப்போ அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளே எட்டிப் பார்க்கப் பல்கலைக்கழகத்துக்கு உரிமை உண்டா?

பழைய வழக்குத் தீர்ப்புகளைப் படிக்கும் வியாதி எனக்கு உண்டு (வக்கீல் இல்லை, வெறும் பி.இ.). அப்படி மாட்டினதுதான் 'அமெரிக்க அரசு எதிர் ஹெக்கன்கேம்ப்'. இந்தக் கேள்விக்கு இதைவிடச் சுவாரசியமான வழக்கை நான் பார்த்ததில்லை.

1999 டிசம்பர். சான் டியேகோவில் இருக்கும் குவால்காம் கம்பெனியின் சிஸ்டத்துக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள். அங்கிருந்த அட்மின் தடம் பிடித்துக்கொண்டே போனால், அது மேடிசனில் உள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் போய் நிற்கிறது. எஃப்.பி.ஐ.க்கும் சொல்கிறார், பல்கலைக்கழகத்துக்கும் சொல்கிறார். பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க் புலனாய்வாளர் தோண்டிப் பார்க்கிறார். வந்தவன் குவால்காமோடு நிற்கவில்லை. பல்கலைக்கழகத்தின் 'மெயில்2' சர்வருக்குள்ளேயும் நுழைந்திருக்கிறான்.

அந்த சர்வரில் 60,000 பேருடைய கணக்குகள். தினமும் சுமார் 2,50,000 மெயில்கள். அதுவும் செமஸ்டர் பரீட்சை நெருங்கும் நேரம். சர்வர் வேலை பார்த்தவர்களுக்கு அந்த அட்மினின் வயிற்றுக் கலக்கம் புரியும்.

சந்தேகம் ஒரு கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டமேற்படிப்பு மாணவர் மேல் விழுகிறது. முன்பு பல்கலைக்கழக கம்ப்யூட்டர் உதவி மையத்தில் வேலை பார்த்து, இதே மாதிரி அத்துமீறலுக்காக நீக்கப்பட்டவர். ஐ.பி. முகவரியின் கடைசி எண் 117. அதற்கும் மெயில் சர்வருக்கும் நடுவே தடை போட்டாயிற்று. அன்றிரவு வீட்டிலிருந்தே மறுபடி பார்த்தால் 117-ஐக் காணோம். அதே ஆள் 120 என்ற எண்ணில் வந்திருப்பதுபோல் தெரிகிறது.

அதே மிஷின்தானா என்று உறுதி செய்ய வேண்டும். முந்தைய விசாரணையில் கிடைத்திருந்த ஒரு பெயரையும் பாஸ்வேர்டையும் வைத்துப் புலனாய்வாளர் நேராக அந்த மாணவரின் கம்ப்யூட்டருக்குள்ளேயே லாகின் செய்துவிட்டார். சுமார் பதினைந்து நிமிடம். தற்காலிகக் கோப்புகள் இருக்கும் டைரக்டரியை மட்டும் பார்த்தார். எதையும் அழிக்கவில்லை, மாற்றவில்லை. வெளியே வந்துவிட்டார். கையில் வாரண்ட் கிடையாது.

அப்புறம் பல்கலைக்கழகப் போலீஸோடு ஹாஸ்டலுக்கே போய் ஒயரைக் கழற்றினார்கள். எஃப்.பி.ஐ. ஏஜெண்ட், 'நான் வாரண்ட் வாங்கிக்கொண்டிருக்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்' என்று சொல்லியும், சர்வரைக் காப்பாற்ற வேண்டும் என்று இவர் பொறுக்கவில்லை.

மாணவர் தரப்பு வாதம் அமெரிக்க அரசியல் சாசனத்தின் நான்காவது திருத்தத்தில் நின்றது: நியாயமற்ற சோதனையை அரசு செய்யக்கூடாது. விஸ்கான்சின் அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் அதன் ஊழியரும் இங்கே அரசுதான். தனியார் பல்கலைக்கழகமாக இருந்தால் இந்த வாதத்துக்கே இடம் இருந்திருக்காது. இதைப் பலர் கவனிப்பதில்லை.

ஒன்பதாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2007 ஏப்ரலில் தீர்ப்பு சொன்னது. நெட்வொர்க்கில் ஒயரைச் சொருகினதாலேயே ஒருத்தருடைய அந்தரங்க உரிமை போய்விடாது என்றது. இங்கே நீதிபதிகள் எடுத்துப் பார்த்தது பல்கலைக்கழகத்தின் சொந்த விதிமுறையை. கோப்புகளை அதற்கு உரியவர் தவிர வேறு யாரும் பார்க்கக்கூடாது, விதிவிலக்குகள் மிகக் குறைவாக, அத்தியாவசியமானால் மட்டும் என்று அதில் இருந்தது. எல்லாவற்றையும் கண்காணிப்போம் என்று எங்கேயும் இல்லை. ஆக மாணவர் எதிர்பார்த்தது நியாயமே.

சரி, ஜெயித்துவிட்டாரா? இல்லை. 'சிறப்புத் தேவை' என்றொரு விதிவிலக்கு இருக்கிறது. போலீஸ் வேலைக்கு அப்பாற்பட்ட அவசரத் தேவை இருந்தால் வாரண்ட் இல்லாமலும் பார்க்கலாம். அந்த அட்மின் எஃப்.பி.ஐ.க்குச் சாட்சியம் சேர்க்கப் போகவில்லை, மெயில் சர்வரைக் காப்பாற்றத்தான் போனார், அதுவும் தேவையான அளவுக்கு மட்டுமே பார்த்தார் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஹாஸ்டல் ரூம் சோதனை தப்பாகவே இருந்தாலும், பிறகு வாங்கின வாரண்டுக்கு அது இல்லாமலே போதுமான ஆதாரம் இருந்தது என்று அதையும் தள்ளிவிட்டது.

இதோடு 2002-இல் பத்தாவது சர்க்யூட் தீர்த்த ஆஞ்சவைன் வழக்கை வைத்துப் பார்க்க வேண்டும். அது ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகம், ஆள் பேராசிரியர். மிஷின் பல்கலைக்கழகத்துடையது. கண்காணிப்போம், தணிக்கை செய்வோம் என்று விதிமுறையிலேயே எழுதியிருந்தார்கள். எந்த உரிமையும் இல்லை என்று முடிந்தது. 2001-இல் மெய்ன் பல்கலைக்கழக லேப் கம்ப்யூட்டரைப் பயன்படுத்திய மாணவரும் இதே மாதிரி தோற்றார். மிஷின் யாருடையது, விதியில் என்ன எழுதியிருக்கிறது, இந்த இரண்டும்தான் எடை போடப்படுகின்றன.

இதில் எனக்கு ஒரு நெருடல். விதியை எழுதுவதே பல்கலைக்கழகம். 'எப்போ வேணும்னாலும் பார்ப்போம்' என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் மாணவரின் எதிர்பார்ப்பு நியாயமற்றதாகிவிடுமா? அட்மிஷன் நேரத்தில் யாரும் படிக்காமல் 'சம்மதம்' அழுத்தும் பக்கத்தில்தானே அந்த வரி வரும்? விஸ்கான்சின்காரர்கள் கொஞ்சம் பெருந்தன்மையாக எழுதி வைத்திருந்தார்கள், அதனால்தான் அந்த மாணவருக்குப் பாதி வெற்றியாவது கிடைத்தது. பெருந்தன்மையை நம்பி ஒரு உரிமை நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆனால் அந்தப் பதினைந்து நிமிடத்தை என்னால் முழுசாகக் குற்றம் சொல்லவும் முடியவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு இடத்தில் எனக்கு ரூட் அனுமதி கொடுத்திருந்தார்கள். ஒரு ராத்திரி டிஸ்க் நிரம்பி சர்வர் திணறியது. யார் கோப்பு இடத்தை அடைக்கிறது என்று ஒவ்வொருவர் டைரக்டரியாகத் தேடினேன். பெரிய கோப்பு கிடைத்தது, வேலை முடிந்தது. அதே டைரக்டரியில் ஒரு சின்ன கோப்பும் இருந்தது. பெயரே 'ரெசிக்னேஷன்'. இடத்துக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. திறந்து படித்தேன். அவர் கிளம்புகிறார் என்பது அவருடைய மேலாளருக்கு முன்னால் எனக்குத் தெரிந்தது. அடுத்த மூணு வாரம் கேன்டீனில் அவர் எதிரே உட்கார்ந்து டீ குடித்தேன்.

புலனாய்வாளர் ஒரு டைரக்டரியோடு நிறுத்திக்கொண்டார் என்று தீர்ப்பில் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது அந்த டீதான்.