புளியும் பாணும்: கடல்கடந்து கற்ற இருவரின் கதை

கல்விக்காகக் கடல்கடந்து சென்றவர்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவர்கள் பெற்ற பட்டங்களையும் பின்னர் வகித்த பதவிகளையுமே எழுதுகின்றனர். அவர்கள் அங்கே என்ன உண்டார்கள், எவருடன் அமர்ந்து உண்டார்கள், இரவில் எப்படி உறங்கினார்கள் என்பன எழுதப்படுவது குறைவு. நீண்டகாலம் பத்திரிகைத் துறையில் இருந்து வாழ்க்கை வரலாறுகள் பலவற்றைப் படித்த எனக்கோ, அந்நிய தேசத்தில் ஒரு மாணவனின் வாழ்வைத் தீர்மானிப்பவை இந்தச் சிறிய விடயங்களே என்று தோன்றுகின்றது. இதற்கு எடுத்துக்காட்டாக உலகறிந்த இருவரை இங்கு நோக்கலாம். ஒருவர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. மற்றவர் கணிதமேதை சீனிவாச இராமானுஜன்.

1888 செப்டெம்பர் 4ஆம் திகதி பம்பாயிலிருந்து கப்பலேறியபோது காந்திக்குப் பத்தொன்பது வயது நிரம்பவில்லை. மதுவையும் மாமிசத்தையும் பெண்ணையும் தீண்டுவதில்லை எனத் தாய்க்குச் சத்தியம் செய்துகொடுத்துவிட்டுப் புறப்பட்டவர் அவர். இலண்டன் வாழ்வின் தொடக்க நாட்களில், தாயின் அன்பை நினைந்து இரவு தோறும் கண்ணீர் வடித்ததாக அவரே தமது சுயசரிதையில் எழுதியுள்ளார். இங்கிலாந்தில் இருப்பதும் இயலவில்லை, திரும்பிச் செல்வதும் நினைத்துப் பார்க்க முடியாதது என்ற நிலை.

காலையில் கிடைத்த ஓட்ஸ் கஞ்சி ஓரளவு வயிற்றை நிரப்பியது. பகலிலும் இரவிலும் கீரையும் பாணும் ஜாமும்தான். இரண்டு மூன்று துண்டுப் பாணுக்கு மேல் கேட்பதற்கு வெட்கம். பசியோடு எழுந்துவிடுவார். தங்கியிருந்த வீட்டின் பிள்ளைகள் மேலும் ஓரிரு துண்டுகளை வைப்பதுண்டு, அதுவும் போதுமானதாயில்லை.

ஆங்கிலேயனைப் போல மாறிவிட்டால் இத்துன்பம் தீரும் என்றும் அவர் எண்ணிப் பார்த்தார். பத்தொன்பது ஷில்லிங்கில் தொப்பி, பத்துப் பவுணில் மாலைநேர உடை, நடனப் பயிற்சி, வயலின் பயிற்சி எனப் பணம் கரைந்தது. அவரை நிலைநிறுத்தியவை இவையல்ல. நாள்தோறும் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்து திரிந்தவர், ஒருநாள் ஃபாரிங்டன் வீதியில் ஒரு சைவ உணவகத்தைக் கண்டார். இங்கிலாந்து வந்தபின் அவர் வயிறார உண்டது அங்குதான். அதன்பின் சைவ உணவாளர் சங்கத்தில் சேர்ந்தார். அதன் செயற்குழுவிலும் இடம்பெற்றார். நண்பர்கள் கிடைத்தனர். எந்த விரதம் அவரைத் தனிமைப்படுத்தியதோ, அதே விரதம் அவருக்கு ஓர் உறவு வட்டத்தைத் தேடித் தந்தது. 1891 ஜூனில் பாரிஸ்டராகி நாடு திரும்பக் கப்பலேறினார்.

இராமானுஜனின் கதை வேறு. 1914 மார்ச் 17ஆம் திகதி சென்னையிலிருந்து கப்பலேறியபோது அவருக்கு வயது 26. குடுமியைக் களைந்து, பழக்கமில்லாத காலணியை மாட்டிக்கொண்டு சென்றார். கேம்பிரிட்ஜில் நெவில் என்ற கணித அறிஞர் தம் வீட்டிலேயே அவரைத் தங்கவைத்தார். பேராசிரியர் ஹார்டி அவருடைய ஆய்வைப் பேணினார். அன்பு காட்டுவோருக்குக் குறைவிருக்கவில்லை. ஆயினும் வைதிக வைணவரான அவர், டிரினிட்டி கல்லூரியில் தமது அறையிலேயே தனியாகச் சமைத்துண்டார். ஊரிலிருந்து நல்ல புளியும் தேங்காய் எண்ணெயும் அஞ்சலில் அனுப்புமாறு கடிதம் எழுதினார்.

அவருடைய நண்பரும் பின்னாளில் புள்ளியியல் மேதையாக விளங்கியவருமான மகலனோபிஸ் ஒரு நிகழ்ச்சியைப் பதிவுசெய்துள்ளார். குளிர் தாங்காமல் மேலங்கியோடும் சால்வையோடும் தாம் உறங்குவதாக இராமானுஜன் அவரிடம் கூறினார். சென்று பார்த்தபோது கட்டிலில் கம்பளிகள் பல இருந்தன. அவை விரிப்போடு சேர்த்து மெத்தையின் அடியில் இறுக்கமாகச் செருகப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்கவேண்டும் என்பது இராமானுஜனுக்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலே படுத்திருந்தார். எண்களின் ஆழத்தைக் கண்ட ஒருவருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க எவரும் முன்னர் நினைக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

1914 ஆகஸ்டில் போர் மூண்டது. உணவுப்பொருள்களுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது; கடற்பயணம் ஆபத்தாயிற்று. மனைவி ஜானகி எழுதிய கடிதங்கள், மாமியார் மருமகள் பிணக்கினால், அவரை முறையாகச் சென்றடையவில்லை. ஒருமுறை விருந்துக்கு வந்த பெண்கள் தாம் சமைத்த சூப்பை மூன்றாம் தடவை வேண்டாம் என்றதும், மனம் நொந்து சொல்லாமலே வெளியேறிவிட்டார். சில நாட்களின் பின்னர் ஒக்ஸ்போர்டிலிருந்து பணம் கேட்டு அவருடைய தந்தி வந்தது. தன் கையால் சமைத்ததைப் பிறர் உண்பது அவருக்கு எத்துணை முக்கியமாயிருந்தது என்பதை இதிலிருந்து உணரலாம். 1917இல் நோயுற்றார். 1918இன் தொடக்கத்தில் உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்று, தப்பினார். அதே ஆண்டில்தான் ரோயல் சங்கத்தின் உறுப்பினரானார். டிரினிட்டி கல்லூரியும் அவரைத் தன் ஃபெலோவாக்கியது. 1919இல் நாடு திரும்பியவர், 1920 ஏப்ரல் 26ஆம் திகதி தமது 32ஆவது வயதில் மறைந்தார்.

தனிமைதான் அவரைக் கொன்றது என்று நான் கூறமாட்டேன். அவர் உடலில் கொடிய நோய் இருந்தது. காந்தி வாழ்ந்தது அமைதிக் காலம், இராமானுஜன் வாழ்ந்தது போர்க்காலம் என்பதையும் மறக்கலாகாது. எனினும் ஒரு வேறுபாடு என் மனதை விட்டகலவில்லை. இருவரும் தம் உணவைக் கைவிடவில்லை. ஒருவருக்கு அந்த உணவை உண்ணப் பிறருடன் அமரும் மேசை கிடைத்தது. மற்றவர் அடுப்பின் முன் தனியே நின்றார்.

இன்று எங்கள் பிள்ளைகள் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்போர்னிலும் கற்கின்றனர். புளி கடையில் கிடைக்கின்றது. அம்மாவின் முகம் கைத்தொலைபேசியில் தெரிகின்றது. ஆனால் காணியை விற்று, கடன்பட்டு அனுப்பிய பெற்றோரிடம் "எனக்கு இங்கு இருக்க முடியவில்லை" என்று கூறுவது 1888இல் எவ்வளவு கடினமோ அவ்வளவு கடினம் இன்றும். ஆகவே தொலைபேசியில் பேசும் பெற்றோருக்கு ஒன்று சொல்வேன். பரீட்சைப் பெறுபேற்றைப் பிறகு கேளுங்கள். இன்று எவருடன் இருந்து சாப்பிட்டாய் என்று முதலில் கேளுங்கள். "தனியாகத்தான்" என்ற பதில் நாளும் வருமாயின், அதைச் சிறிய விடயமென்று விட்டுவிடாதீர்கள்.