கதவுக்கு இந்தப் பக்கம்

எண்பதுகளில் சவூதியிலிருந்து திரும்பியவர்களோடு 'டெக்' எங்கள் அக்குறணைக்கும் வந்து சேர்ந்தது. 1979இல்தான் இலங்கையில் தொலைக்காட்சியே தொடங்கியிருந்தது. எம்.ஜி.ஆர். படமென்றால் முன்னறையில் பாய் விரித்து உம்மா, சாச்சி, அயல்வீட்டுப் பெண்கள் எல்லோரும் இருப்போம். சில இரவுகளில் மட்டும் பெண்களைக் குசினிப் பக்கம் அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்துவார்கள். ரீவியின் சத்தம் குறையும். என்ன கொப்பி என்று யாரும் கேட்டதில்லை, தெரியாமலும் இல்லை.

பேராதனையில் படிக்கும்போது லிண்டா வில்லியம்ஸ் 1989இல் வெளியிட்ட 'ஹார்ட் கோர்' கைக்குக் கிடைத்தது. ஆபாசப் படத்தின் வரலாற்றைப் பிரசங்கம் செய்யாமல் ஆராயும் நூல். தொடக்கத்தில் அவை ஆண்கள் மட்டும் கூடிய மறைவிடங்களில் ஓடின. எழுபதுகளில் தியேட்டருக்கு வந்தன. பின்னர் வீடியோ அவற்றை வீட்டுக்குள் கொண்டுவர, பெண்ணும் பார்வையாளரானாள். எங்கள் வீட்டில் நடந்தது தலைகீழ். வீடியோ வந்ததும் முன்னறையே அந்தப் பழைய மறைவிடமாயிற்று.

பெண் பார்த்தால் யாராக நின்று பார்ப்பாள்? ஹொலிவூட் படம் ஆணின் கண்ணாலேயே பெண்ணைக் காட்டுகிறது என்று 1975இல் எழுதிய லோரா மல்வி, இந்தக் கேள்விக்காக 1981இல் மீண்டும் எழுதினார். ஆணின் உடுப்பை இரவல் வாங்கி அணிந்தே அவள் பார்க்கிறாள், அது அவளுக்குச் சரியாக ஒட்டுவதில்லை என்றார். வில்லியம்ஸுக்கோ, பார்ப்பவர் மனம் ஒரே உடலோடு கட்டுண்டு கிடப்பதில்லை. இருவரும் சொல்லாத ஒன்று எங்கள் பக்கத்திலேயே இருந்தது.

ஏ9 வீதியில் மாத்தளை, தம்புள்ளை வரை போய்த் திரும்பினால் சிகிரியா. ஐந்தாம் நூற்றாண்டு ஓவியப் பெண்களைப் பார்க்க வந்தவர்கள் கண்ணாடிச் சுவரில் கீறிவைத்த சிங்களக் கவிதைகளில் 685ஐப் பரணவிதான 1956இல் பதிப்பித்தார். பெரும்பாலானவை 8 முதல் 10ஆம் நூற்றாண்டு வரையானவை. எழுதியோரில் அதிகமானோர் ஆண்கள், ஏக்கமே அதிகம். சிலர் பெண்கள். ஒருத்திக்கு ஓவியப் பெண்மீது கோபம்: கையில் முத்துச்சரத்தோடு எங்களிடம் போட்டிக்கு நிற்கிறாளாம்.

இவள் இரவல் உடுப்பு வாங்கவில்லை. ஓவியத்துக்குள்ளும் போகவில்லை. வந்த உடலோடேயே நின்று பார்த்திருக்கிறாள். அதை விடுதலை என்று கொண்டாட எனக்கு மனமில்லை. கோபம் போய்ச் சேர்ந்தது சுவரில் இருப்பவள்மீதுதானே.

இதைச் சாச்சியிடம் சொன்னேன். வெற்றிலையை மடித்தபடி கேட்டார்: "கூட வந்த ஆம்புளைங்க அந்த நேரம் எங்க பாத்துக்கிட்டு நிண்டாங்களாம்?"