குணா குகைக்குப் பெயர் வைத்தவர்கள்

2008ல் எங்கள் கல்லூரியில் ‘கம்யூனிகேஷன் ஸ்கில்’ வகுப்பு எடுத்தார்கள். கண்ணைப் பார்த்துப் பேசு, கையைக் கட்டாதே, தப்பில்லாமல் இங்கிலீஷ் பேசு. சினிமா, கிரிக்கெட் மாதிரி துறைகளில் மார்க்கெட்டிங் வேலைக்குப் போகிறவனுக்கு இதுதான் மூலதனம் என்றார்கள். அதே வருஷம் கொடைக்கானலுக்கு டூர் போனோம். தூண் பாறையைப் பார்த்துவிட்டு எல்லோரும் பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்தபோது டிரைவர் அண்ணன் திரும்பிச் சொன்னார்: “தம்பிங்களா, குணா குகை. கமல் அபிராமியக் கொண்டாந்து வச்ச இடம்.” அரை நிமிஷத்தில் பஸ் காலி.

அங்கே ஆபத்து என்று ஒரு போர்டு இருந்தது. அதை யாரும் படித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

அந்த இடத்தின் பழைய பெயர் வேறு. 1821ல் பழனி மலையை அளக்க வந்த பிரிட்டிஷ் அதிகாரி பி.எஸ். வார்ட் அதைக் கண்டறிந்ததாகச் சொல்வார்கள். வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் ‘டெவில்ஸ் கிச்சன்’, பிசாசின் சமையலறை. பெயரிலேயே எச்சரிக்கை இருந்தது.

சந்தான பாரதி இயக்கிய ‘குணா’வுக்கு முதலில் யோசித்த தலைப்பு ‘மதிகெட்டான் சோலை’. அதுவும் இந்த மலையில் இருக்கிற காடுதான். உள்ளே போனவன் புத்தி தடுமாறி வழி தெரியாமல் அலைவான் என்பது ஊர்ப் பேச்சு. தலைப்பு அபசகுனமாகத் தொனிக்கிறது என்று மாற்றினார்கள். வியாபாரக் கணக்கில் சரியான முடிவு. ஆனாலும் 1991 தீபாவளிக்கு ‘தளபதி’யோடு மோதிய படம் வசூலில் பெரிதாகப் போகவில்லை.

படம் தியேட்டரை விட்டுப் போனது, பெயர் மலையிலேயே தங்கிவிட்டது. எந்தக் கம்பெனியும் விளம்பரம் கொடுத்து டெவில்ஸ் கிச்சனை குணா குகை ஆக்கவில்லை. டிரைவர்கள், கைடுகள், வந்து பார்த்துவிட்டு ஊருக்குப் போய்க் கதை சொன்னவர்கள் என்று வாய்வழியாகவே அது நடந்தது. கேட்பவன் மனசில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரிந்து கம்யூனிகேஷன் என்பது அதுதான். ஆனால் பெயர் மாறியபோது பிசாசும் போய்விட்டது. பயத்தின் இடத்தில் ஒரு காதல் கதை வந்து உட்கார்ந்துகொண்டது.

2006ல் கொச்சிப் பக்கம் மஞ்ஞும்மலிலிருந்து வந்த நண்பர்கள் குழுவில் ஒருவர் அந்தக் குழியில் விழுந்தார். இன்னொரு நண்பர் கயிற்றில் இறங்கி அவரை மீட்டார். அதைத்தான் சிதம்பரம் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ ஆக எடுத்தார். 2024 பிப்ரவரியில் தமிழில் டப் செய்யாமலேயே இங்கே வெளியாகி, தமிழ்நாட்டில் மட்டும் 50 கோடிக்கு மேல் வசூலித்தது. மொழி தெரியாத படத்துக்கு நம்மாட்கள் ஏன் இப்படிக் கூடினார்கள்? அதில் ‘குணா’வின் கடிதப் பாட்டு இருந்தது. நாயகன் பேசப் பேச, நாயகி அதைக் கடிதமாக எழுதும் பாட்டு. 33 வருஷத்துக்கு முன் இளையராஜா நமக்குள் போட்டுவைத்ததை அந்தப் படம் சரியான நொடியில் எடுத்தது. நண்பனை மேலே தூக்கிய கணத்தில் அந்தக் குரல் எழும்பியதும் தியேட்டரில் நானும் அழுதேன்.

அழுதுகொண்டே எங்கள் டூரை நினைத்தேன். அன்று எங்கள் வகுப்பு நண்பன் ஒருவன் ஒரு போட்டோவுக்காகக் கம்பியைத் தாண்டினான். பாறை ஈரமாக இருந்தது. ஒன்றும் ஆகவில்லை. அவர்களுக்கும் எங்களுக்கும் வித்தியாசம் அவ்வளவுதான்.

படம் ஓடிக்கொண்டிருந்தபோதே தடுப்பைத் தாண்டி உள்ளே போன இளைஞர்களை வனத்துறை கைது செய்த செய்தி வந்தது. உயிர் போகும் என்று இரண்டே கால் மணி நேரம் காட்டிய படம்கூட, சிலர் காதில் “வந்து பார்” என்றுதான் விழுந்திருக்கிறது.

நான் எழுதுகிற மென்பொருளிலும் எச்சரிக்கைப் பெட்டிகள் உண்டு. படிக்காமலே ‘ஓகே’ அழுத்துவார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறோம். சட்டப்படி சொல்லியாகிவிட்டது, அவ்வளவு போதும். குகை வாசல் போர்டும் அப்படித்தான் நின்றது.

ஒரே வாக்கியத்தில் நாற்பது பேரை எழுப்பி இறக்கிவிட்ட மனுஷன் அந்த டிரைவர் அண்ணன். “கம்பியத் தாண்டாதீங்க தம்பி, விழுந்தா எடுக்க முடியாது” என்று அவர் சொல்லியிருந்தால் கேட்டிருப்போம். எச்சரிக்கிற வேலையை எல்லோரும் போர்டிடம் கொடுத்திருந்தார்கள். அவரிடம் யாருமே கொடுக்கவில்லை.